குருதி சொல்லும் குறிப்பு

நுழையும்முன்

ஒரே இருமல், ஒரே இளைப்பு. ஆயினும், ஒருவருக்கு உரிய மருந்து மற்றவருக்குப் பயன்படாமற் போவதேன்? இவ்வினாவிற்குக் குருதி தரும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

புகைபிடித்தல், விறகடுப்புப் புகை, பணியிடத் தூசு ஆகியவற்றால் மூச்சுக்குழல்கள் குறுகிக் காற்றோட்டம் தடைப்படும் நிலையே நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இந்நோயாளர்களுக்குச் சில வேளைகளில் மூச்சுத்திணறலும் இருமலும் சளியும் திடீரென மிகும். இத்தகைய தீவிர நிலை மீண்டும் மீண்டும் நேர்ந்தால் நுரையீரலின் ஆற்றல் விரைந்து குன்றும்.

காரணத்தை அறிதல்

பாக்டீரியா, வைரஸ், காற்று மாசு ஆகியவற்றுள் எதுவும் இந்நிலையைத் தூண்டலாம். நுண்ணுயிர் எதிரி மருந்து பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும். தேவையின்றி அதனைக் கொடுத்தால், அம்மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருகும். பின்னாளில் உண்மையான தேவை வரும்போது மருந்து கைகொடுக்காது.

அழற்சியின் அடையாளம்

உடலின் நிலையை அளந்து காட்டும் இத்தகைய பொருள்கள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படும். அவற்றுள் ஒன்று சி-வினைப் புரதம். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் ஆகிய இருவரும் 1930ஆம் ஆண்டில் நிமோனியா நோயாளர்களின் குருதியில் இதனைக் கண்டறிந்தனர். அழற்சி தோன்றியதும் கல்லீரல் இப்புரதத்தை மிகுதியாக உருவாக்கும். இதன் அளவு சில மணி நேரத்தில் உயரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாள்களில் உச்சத்தை அடையும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 653 நோயாளர்களிடம் நிகழ்த்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. விரல் நுனிக் குருதியில் இப்புரதம் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாயின் நுண்ணுயிர் எதிரி பயன்தர வாய்ப்பில்லை. 40க்கு மேற்படின் பயன்தரக்கூடும். இடைப்பட்டதாயின் சளியில் சீழ்த்தன்மை உள்ளதா எனக் காணவேண்டும் என மருத்துவர்களுக்கு வழிகாட்டப்பட்டது. இச்சோதனை செய்யப்படாத பிரிவில் 77 விழுக்காட்டினர் அம்மருந்தை உட்கொண்டனர். செய்யப்பட்ட பிரிவில் 57 விழுக்காட்டினரே உட்கொண்டனர். மருந்து குறைந்ததனால் நோயாளர்களின் நலம் குன்றவில்லை.

ஈயோசினோஃபில் என்னும் வெள்ளையணுவும் மற்றொரு குறிப்பானாகும். குருதியில் இது மிகுந்திருப்போருக்கு ஸ்டீராய்டு மருந்து கூடுதலாகப் பயன்தர வாய்ப்புண்டு.

எண்ணும் கண்ணும்

காயத்தாலும் வேறு நோய்களாலும்கூட சி-வினைப் புரதம் உயரும். எனவே, அவ்வெண் மட்டுமே முடிவாகாது. நோயாளியின் மூச்சையும் சளியையும் சொல்லையும் கூர்ந்து நோக்கும் மருத்துவருக்கு அது துணை, அவருக்கு மாற்றன்று. நோயின் காரணமறிந்து மருந்தளிப்பதே, நோயாளியையும் மருந்தின் ஆற்றலையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.

கற்பவை கற்றபின்...

'மருத்துவரின் பரிந்துரையின்றி நுண்ணுயிர் எதிரி மருந்தை உட்கொள்ளலாகாது' என்னும் கருத்தை வலியுறுத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.