பங்குனியிலேயே பார்த்துவிடுங்கள், கார் ஏசியை

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும். அந்த வாரங்களில் கார் ஏசி கடைக்குப் போனால் உங்களுக்கு முன்னால் பத்து வண்டி நிற்கும். மெக்கானிக் பானட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்ப்பார். "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுவிடுறேன்" என்பார். நீங்களும் தலையாட்டுவீர்கள், வெயில் அப்படி. இந்தப் பேச்சு நடக்காமல் இருக்க வேண்டுமானால் இப்போதே, பங்குனி முடிவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை வண்டிக்காக ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு சோதனை. வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போடுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி, புளோயரை நடு வேகத்தில் வையுங்கள். நடுத் துவாரத்தில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் செருகிப் பத்து நிமிடம் பொறுங்கள். (காய்ச்சல் பார்ப்பது உதவாது, சமையலறைக்கு விற்பது போதும்.) வெளியே 35 டிகிரி இருக்கும்போது துவாரத்தில் 10 டிகிரியோ அதற்குக் கீழோ காட்டினால் கவலையில்லை. 15-ஐத் தாண்டினால் எங்கோ பழுது இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: காற்று எப்போது சூடாக வருகிறது?

வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? கேஸைப் பற்றிப் பேசாதீர்கள், முன்பக்கம் பாருங்கள். காரின் ஏசி உள்ளிருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டும் கமலை மாதிரி. கொட்டும் இடம் கண்டென்சர். ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் நிற்கும் அலுமினியச் சட்டம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி செய்ய வேண்டும். ஏசியைப் போட்டுவிட்டு எட்டிப் பாருங்கள், விசிறி சுற்றுகிறதா என்று. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினாலும் சோம்பலாகச் சுற்றினால் மோட்டாரின் கரி தேய்ந்திருக்கலாம். ஒரு எச்சரிக்கை: எஞ்சினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் இந்த விசிறி தானாகக் கிளம்பும். விரல், துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் அருகில் போக வேண்டாம்.

விசிறி சரியாக இருந்தும் சூடு போகவில்லையென்றால் கண்டென்சரின் இதழ்களில் மண்ணும் பூச்சியும் அப்பியிருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு தோட்டக் குழாயில் மிதமான தண்ணீரை விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் இதழ்கள் மடங்கிக் காற்று புகும் வழியே அடைந்துவிடும். சென்னை, நாகை, தூத்துக்குடி என்று கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறை கழுவினால் நல்லது. உப்புக்காற்று அலுமினியத்தை மெல்ல அரித்துத் தின்னும். வெள்ளத்தில் நின்று எழுந்த வண்டிகளில் விசிறி மோட்டாரின் பேரிங்கையும் கம்ப்ரஸர் கப்பியின் பேரிங்கையும் கேட்டுப் பாருங்கள். துருப்பிடித்தவை முனகும்.

குளிர் இருக்கிறது, காற்றுதான் குறைவு என்றால் கதை வேறு. பல கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கேபின் ஃபில்டர் இருக்கும். பெட்டியின் இரு பக்கமும் அழுத்தினால் அது கீழே இறங்கும். ஃபில்டரை உருவிப் பாருங்கள். வேப்பஞ்சருகும் கறுப்புத் தூசியும் கொட்டும். சில நூறு ரூபாய் வேலை, ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டியதில்லை. சில பழைய வண்டிகளில் அந்த இடம் காலியாகவே இருக்கும், ஃபில்டரே போட்டிருக்கமாட்டார்கள். அப்படியானால் அத்தனை வருடத் தூசியும் உள்ளே கூலிங் காயிலில்தான் படிந்திருக்கிறது.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் போய், ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மீண்டும் சரியாகிறதா? கூலிங் காயிலில் பனி உறைகிறது. உறைவதற்கு முன் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை, அல்லது கேஸ் ஓரளவு குறைந்திருக்கிறது.

எப்போதுமே குளிரவில்லை என்றால் கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே ஏசி பொத்தானை அழுத்தட்டும், இன்னொருவர் பானட் பக்கம் நிற்கட்டும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, கப்பியின் நடுத்தட்டும் சேர்ந்து சுழன்றால் கிளட்ச் பிடித்துவிட்டது. சுழலாவிட்டால் ரிலே போயிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம், கேஸ் அடியோடு குறைந்து பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்கலாம். புதிய மாடல்கள் சிலவற்றில் கிளட்சே கிடையாது. அங்கே சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். இந்தக் கிளட்சின் அருமை 1940-இன் அமெரிக்க பேக்கர்ட் கார்க்காரர்களைக் கேட்டால் தெரியும். ஏசியோடு வந்த முதல் கார்கள் அவை. குளிரை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

கம்ப்ரஸர் ஓடுகிறது, பைப் தொட்டால் ஜில்லென்றிருக்கிறது, காற்று மட்டும் சூடு என்றால் ஹீட்டர் பக்கம் பாருங்கள். எஞ்சினின் வெந்நீர் வரும் வழியையோ காற்றின் வழியையோ அடைக்க வேண்டிய கதவு முழுதாக மூடவில்லை. கேபிள் நழுவியிருக்கும்.

இனி கேஸ். ஏசியின் சுற்று மூடிய சுற்று. பெட்ரோல் மாதிரி கேஸ் எரிந்து தீராது. ரப்பர் குழாய்கள் வழியே பல வருடங்களில் கொஞ்சம் கசிவது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு கோடையிலும் போட வேண்டியிருந்தால் அது ஓட்டை. என் பழைய வண்டிக்கு இரண்டு கோடையில் மூன்று முறை கேஸ் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் ஜில்லென்று இருக்கும், பிறகு அனல். நான்காவது முறை வேறொரு கடைக்காரர் கேஸைத் தொடவே இல்லை. நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை பூசி, பிறகு டேஷ்போர்டை இறக்கி, கூலிங் காயிலின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த ஊசி முனைத் துளையைக் காட்டினார். கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து கசியும், அதில் தூசி ஒட்டும். அதுதான் தடயம். எண்ணெய் குறைந்தபடியே ஓடினால் கம்ப்ரஸர் இறுகிப்போகும். மூன்று முறை கேஸ் போட்ட காசைக் காயிலில் போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்.

கேஸ் எவ்வளவு இருக்கிறதென்று நிற்கிற வண்டியில் மீட்டரை மாட்டிச் சொல்ல முடியாது. வீட்டு சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முக்கால் காலியான பிறகும் அடுப்பு அதே வேகத்தில் எரிகிறதல்லவா? உள்ளே திரவம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ, 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும். சிலிண்டரைப் போலவே இதையும் எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் கிராம் கணக்கும் அச்சிட்டிருக்கும். சிறிய ஹேட்ச்பேக்கில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம். அதிகம் போட்டாலும் குளிர் குறையும். புதிய கார்கள் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கும். இரண்டையும் கலக்கக் கூடாது.

ஆகவே கடையில் "கேஸ் போடுங்க" என்று சொல்லாதீர்கள். "சிக்னல்ல நின்னா சூடா வருது" என்று அறிகுறியைச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது இரண்டு மீட்டரும் என்ன காட்டுகின்றன என்று கேளுங்கள். கோடையில் தாழ்பக்கம் 25 முதல் 45, உயர்பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வாக்கில் இருந்தால் நலம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் விசிறி, அழுக்குக் கண்டென்சர் அல்லது அளவுக்கு மீறிய கேஸ். தாழ்பக்கம் ஏறி உயர்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் சோர்ந்துவிட்டது. சுற்றைத் திறந்து வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது வாக்யூம் போட வேண்டும். உள்ளே தங்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். "லீக்கை அடைக்கிற மருந்து இருக்கு" என்று டப்பாவைக் காட்டினால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். அது ஓட்டையோடு வால்வையும் அடைக்கக்கூடியது.

வீட்டில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஆர்-134ஏ திரவம் வெளியே வந்ததும் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். தோலிலோ கண்ணிலோ பட்டால் உறையவைத்துவிடும்.

இன்னொன்று, ஏசி ஓடிய வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பதறாதீர்கள். காற்றின் ஈரம் கூலிங் காயிலில் படிந்து வடிகிறது. சென்னைப் புழுக்கத்தில் நிறையச் சொட்டும், கரூர் வறட்சியில் குறையும். சென்னையிலும் சொட்டவில்லை, இடப்பக்க இருக்கையின் கால்மிதி மட்டும் நனைந்திருக்கிறது என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஃபில்டரைப் பார்க்கும் அதே ஞாயிற்றுக்கிழமை அந்தக் கால்மிதியையும் தூக்கிப் பாருங்கள்.