சேணமும் சும்மாடும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தலையில் குடம் சுமக்கும் தாய்மார்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். சும்மாடு குடத்தின் எடையைக் குறைப்பதில்லை. அதனைப் பரப்பிக் கொடுக்கிறது. குதிரையின் முதுகில் இடும் சேணமும் அத்தகையதே. "நெசவாளர் ஊராகிய ஐயம்பேட்டையில் பிறந்தவனுக்குச் சேணத்தைப் பற்றி என்ன கவலை?" என நண்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு.

பள்ளிப் பருவத்தில் சென்னை மெரினாவுக்குச் சுற்றுலா சென்றபோது, காசு கொடுத்துக் குதிரை ஏறினேன். நான் இறங்கியதும் குதிரைக்காரர் சேணத்தை அவிழ்த்தார். பிடரிமயிர் முடியும் தோள்மேட்டில் உள்ளங்கையளவு புண். சுற்றிலும் வெள்ளை முடி. நான் மகிழ்ந்து கூவிய நேரமெல்லாம் அது அந்த வலியோடு நடந்திருக்கிறது! இதன் காரணம் எனக்குக் கல்லூரி வகுப்பில்தான் விளங்கிற்று.

விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். ஏறுபவர் 60 கிலோ, சேணம் 8 கிலோ என்று கொள்வோம். இந்த 68 கிலோ, 1,000 சதுர சென்டிமீட்டரில் சீராகப் படிந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 68 கிராம். சேணம் பொருந்தாமல் 100 சதுர சென்டிமீட்டரை மட்டும் தொட்டால் 680 கிராம். எடை மாறவில்லை, அழுத்தமோ பத்து மடங்கு! அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் புண்ணாகிறது. பின்னர் முளைக்கும் முடி வெளுத்துவிடுகிறது. கூடுதலாக மெத்தை போட்டால் சரியாகுமா? இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறை அணிவது போல்தான் ஆகும்.

குதிரைக்குப் பொருத்தம்

ஏறுபவர் அமர்ந்த பின்னும், தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். முதுகெலும்பின்மேல் சேணம் படவே கூடாது. இருபுற மெத்தைகளுக்கும் நடுவே வாய்க்கால் போன்ற இடைவெளி வேண்டும். முன்காலை நீட்டும்போது தோள்பட்டை எலும்பு பின்னோக்கி நகரும். ஆதலால் சேணம் அதற்குப் பின்னே அமைய வேண்டும். குதிரைக்கு 18 இணை விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டிச் சுமை செல்லலாகாது. அதற்கப்பால் தாங்குவதற்கு விலா இல்லை.

சவாரி முடிந்ததும் முதுகே விடை சொல்லும். வியர்வை சீராக நனைத்திருந்தால் நன்று. நடுவே காய்ந்த திட்டு தெரிந்தால், அங்கே சேணம் அழுத்துகிறதா என ஆராய வேண்டும். வயதாலும் உணவாலும் உடல் மாறுவதால் ஒரு முறை பார்த்தால் போதாது.

ஏறுபவருக்குப் பொருத்தம்

இருக்கையின் அளவைத் தொடையின் நீளமே முடிவு செய்கிறது. அமர்ந்தபின் பின்னால் ஏறத்தாழ நான்கு விரல் இடம் எஞ்ச வேண்டும். இருக்கை சிறிதானால் எடை பின்விளிம்பில் சாய்ந்து குதிரையையே வருத்தும். கால் வைக்கும் அங்கவடியின் வார், ஏறுபவரின் கைநீளம் இருப்பது தொடக்கத்திற்கு ஏற்றது.

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் குதிரை வீரர்களைக் காண்கிறோம். கற்குதிரைக்கு வலி இல்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழி வந்த குதிரைகள் பேணத் தெரியாமையால் பெருமளவில் மடிந்தன என எழுதினார். வாங்கப் பொருள் இருந்தது. பேண அறிவு இல்லை.

இக்கட்டுரைக்குக் குறிப்பெடுத்த இரவில், என் தந்தை குழித்தறியில் அமரும் பலகையைக் கவனித்தேன். அவரைவிட உயரமான ஒருவரின் தறியிலிருந்து வந்த பலகை அது. கால் மிதிகட்டைக்கு எட்டாமல், முதுகை வளைத்தே இத்தனை ஆண்டுகள் நெய்திருக்கிறார். "முதுகு வலிக்குதாப்பா?" என்றேன். "பழகிப் போச்சுப்பா" என்றார். மறுநாள் பலகையை இரண்டு விரற்கடை தாழ்த்தினோம்.

குதிரைக்கு வாயில்லை, வாயுள்ளவரும் சொல்வதில்லை. எனவே நண்பர்களே, பார்ப்பதும் கேட்பதும் ஏறி அமர்ந்தவரின் கடமையன்றோ?