வாங்குவோர் பொறுப்பு

ஒரு சட்டையை விலைகொடுத்து வாங்குவோர் துணியின் நயத்தையும் தையலின் உறுதியையும் நோக்குவரேயன்றி, அஃது எத்தனை கைகளைக் கடந்து கடைக்கு வந்ததென எண்ணிப்பார்ப்பது அரிது. பருத்தி விளைவிப்போர், நூல் நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், தைப்போர், கப்பலேற்றுவோர் என ஒருவர்பின் ஒருவராய் நிற்கும் இத்தொடரையே விநியோகச் சங்கிலி என்பர். இதன் ஒரு முனையில் நிற்கும் பெருங்கம்பெனி மறுமுனையில் உழைப்போரின் உயிர்க்கும் ஊதியத்துக்கும் எத்துணைப் பொறுப்புடையது என்பதும், அப்பொறுப்பைத் தன் நிர்வாக முறையுள் எங்ஙனம் அமைத்துக்கொள்ளல் வேண்டும் என்பதுமே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

சென்ற நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் மேனாட்டுக் கம்பெனிகள் பல, தமக்குச் சரக்களிக்கும் ஆலைகளுக்கென நன்னடத்தை விதிகளை வகுத்தன. 1997-ல் எஸ்.ஏ. 8000 என்னும் பொதுத் தரவிதியும் வெளிவந்தது. தணிக்கையாளர் ஆலைக்குச் சென்று கணக்கேடுகளையும் கட்டடத்தையும் பார்த்துச் சான்றிதழ் அளிப்பர். வாங்குவோர் அதனைக் கண்டு மனநிறைவு கொள்வர். இம்முறை எவ்வளவு வலியற்றது என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் உலகுக்குக் காட்டின.

கராச்சி நகரத்து அலி எண்டர்பிரைசஸ் என்னும் ஆடை ஆலை 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் பெற்றது. சில வாரங்களே கழிந்தபின், செப்டம்பர் 11-ல் அவ்வாலை தீப்பற்றி எரிய, 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வேண்டுமென்றே தீயிடப்பட்டதென 2020-ல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. ஆயினும், தீ எவ்வாறு பற்றியிருப்பினும், சன்னல்களில் கம்பியும் வாயில்களில் பூட்டும் இல்லாதிருப்பின் பலர் பிழைத்திருப்பர் அன்றோ?

மற்றையது வங்காளதேசத்தின் டாக்கா நகரை அடுத்த சாவார் என்னும் இடத்தில் நிகழ்ந்தது. ராணா பிளாசா என்ற எட்டடுக்குக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23-ல் விரிசல்கள் தோன்றின. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் உடனே மூடப்பட்டன. மேலே இருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளரோ மறுநாட் காலையில் வேலைக்கு ஏவப்பட்டனர். மின்சாரம் நின்று மேல்தளத்து ஜெனரேட்டர்கள் இயங்கிய சிறிது நேரத்தில் கட்டடம் சரிந்தது. 1,100-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கிருந்த தொழிற்சாலைகளுள் சில முன்னரே தணிக்கை செய்யப்பட்டவை. கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது அத்தணிக்கையின் வரம்பிற்குட்பட்டதன்று என்பதே பின்னர்க் கிடைத்த விடை!

இதற்குக் காரணம் யாது? தணிக்கையாளரின் குறை மட்டுமே எனல் பொருந்தாது. வாங்கும் கம்பெனியின் உள்ளே இரண்டு மேசைகள் உள்ளன. ஒரு மேசையில் அமர்ந்தவர், தொழிலாளரை மிகைநேரம் வேலை வாங்கலாகாது, தக்க கூலி தருதல் வேண்டும் என ஆலைக்கு எழுதுகின்றார். கொள்முதல் மேசையில் அமர்ந்தவரோ, விலையைக் குறைக்கவும், மாதிரியைக் கடைசி நாளில் மாற்றியும் சரக்கைக் குறித்த தேதியில் அனுப்பவும் எழுதுகின்றார். ஆலை முதலாளி எவர் கடிதத்துக்குக் கீழ்ப்படிவார்? ஆர்டர் எவர் கையில் உள்ளதோ அவர் கடிதத்துக்கே. முதன் மேசையினர்க்குப் பதவியுயர்வு அறிக்கை எழுதுவதாலும், இரண்டாம் மேசையினர்க்குச் செலவைக் குறைப்பதாலும் கிட்டுமாயின், அக்கம்பெனியின் சமூகப் பொறுப்பு ஏட்டளவில் நிற்குமேயன்றி ஆலைவாயிலை எட்டாது. நிர்வாக முறைகளை இசைவித்தல் என்பது, யாம் கருதுமளவில், இவ்விரு மேசைகளையும் ஒரே கணக்குக்கு உட்படுத்துவதேயாம்.

நிற்க. ராணா பிளாசா வீழ்ந்த மறுமாதத்திலேயே, கம்பெனிகளும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நாளடைவில் இருநூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் அதிற் கையொப்பமிட்டன. சுமார் 1,600 தொழிற்சாலைகள் அதன் கண்காணிப்பிற்குட்பட்டன. கம்பெனிக்கொரு தணிக்கை என்னும் வீண்முயற்சி நீங்கி, பொறியாளரின் ஒரே சோதனை அனைவர்க்கும் பொதுவாயிற்று; முடிவுகள் யாவரும் காண வெளியிடப்பட்டன. ஆபத்தான கட்டடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளர்க்கு உறுதிசெய்யப்பட்டது. எல்லாவற்றினும் மேலாக, பழுதுபார்க்கும் செலவை ஆலைகள் தாங்கத்தக்கவாறு வாணிப நிபந்தனைகளை அமைப்பது வாங்குவோர் கடமையாயிற்று. இக்கடமை வெறுஞ்சொல் அன்று. 2016-ல் தொழிற்சங்கங்கள் இரு கம்பெனிகள்மீது திஹேக் நகரத்து நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அவற்றுள் ஒன்று 2018-ல் 23 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

நம் நாட்டிலும் 2022-ல் திண்டுக்கல் பகுதியில் இவ்வகை ஒப்பந்தம் ஒன்று உண்டாயிற்று. பெண்களே தலைமைதாங்கும் ஒரு தொழிற்சங்கமும், ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றும், அயல்நாட்டுக் கம்பெனிகளும் அதில் உடன்பட்டன. ஆலையினுள் பெண்கள் படும் துன்பத்தையும் சாதி வேற்றுமையையும் தடுப்பது அதன் நோக்கம்.

சட்டமும் இவ்வழியே வரத்தொடங்கியது. 2023 ஜனவரி முதல் நாள் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம், கம்பெனிகள் மேற்கொள்ளவேண்டிய தடுப்பு நடவடிக்கைகளுள் ஒன்றாக, அவை சரக்கு வாங்கும் முறையையே பெயர்சுட்டிக் கூறியது. கொள்முதல் மேசை இங்ஙனம் சட்டத்தின் பார்வைக்குள் வந்தது.