பைபர் படகில் தண்ணீர் புகும் இடங்கள்



2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் பைபர் படகுகள் பெருகின. இப்போது பழைய படகு வாங்கவும் ரிப்பேர் செய்யவும் குழுவில் கடன் கேட்கிறோம். "படகு விஷயம் ஆம்பிளைங்க பாத்துக்குவாங்க, நமக்கு என்னா தெரியும்?" என்று கூட்டத்தில் சொல்கிறீர்கள். படகு கரையில் கிடந்தாலும் தவணை நிற்காது. கையெழுத்துப் போட்டது நாம்தானே!

பைபர் உடம்பு சும்மா ஓட்டையாவது குறைவு. நாம் துளை போட்ட இடத்தில்தான் வினை. தண்ணீர் வடியும் துளை, இன்ஜின் மாட்டிய போல்ட், கயிறு கட்டும் வளையம் எல்லாமே அப்படிப்பட்ட இடங்கள். மேல் பூச்சு இருக்கும்வரை தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. துளை போட்டதும் வெட்டுப்பட்ட நார் விளக்குத் திரி மாதிரி தண்ணீரை இழுக்கும். பல படகுகளில் இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். அது உளுத்தாலும் வெளியே தெரியாது, ஒருநாள் இன்ஜினோடு ஆடும். மிதவை அறையில் தண்ணீர் சேர்ந்தால் படகு கனக்கும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு மிதக்க அதுதான் கதி என்பதை மறக்கக் கூடாது.

கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். சின்னச் சுத்தியலால் துளையைச் சுற்றித் தட்டுங்கள். 'டக் டக்' என்றால் நல்லது, 'தொப் தொப்' என்றால் உள்ளே ஈரமோ பிரிவோ இருக்கிறது. போல்டுக்குக் கீழே துருக்கோடு வழிந்திருந்தால் அங்கே கசிவு உண்டு. பித்தளை உப்புத் தண்ணீரில் துத்தநாகத்தை இழந்து சிவந்துபோகும், பிறகு பொடியாக உடையும். தண்ணீருக்குள் இருக்கும் இடத்துக்கு வெண்கலமோ 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடச் சொல்லுங்கள். விலை அதிகம்தான், ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ரிப்பேர் என்றால் எம்-சீல் அப்பிவிட்டுப் போவது அல்ல. அது கரை வந்து சேர்வதற்கு. போல்டைக் கழற்றி, துளையை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு துளையின் உள் ஓரத்துக்கு ரெசின் பூசி, அது இறுகியதும் கடலுக்கான பாலியூரித்தேன் பசை வைத்து, பெரிய வாஷரோடு முடுக்க வேண்டும். தேவையில்லாத துளையை அடைப்பதானால் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து மேட் ஒட்ட வேண்டும். கனம் 5 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீட்டர் தேய்ப்பது கணக்கு. இதையெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யாதீர்கள், ஈரத்தில் ரெசின் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. ரெசினில் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி, பிறகே ஹார்டனர். ஹார்டனர் கண்ணில் பட்டால் உடனே 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் போக வேண்டும். இந்த டப்பாக்களை அடுப்படியில் வைக்கிற வீடும் உண்டு, அதை இன்றைக்கே மாற்றுங்கள்.

இனிப் பழைய படகுக்குக் கடன் மனு வந்தால், கூட்டத்துக்கு முன்பே இரண்டு உறுப்பினர்கள் கரைக்குப் போய்ப் பின்பலகையைத் தட்டிப் பார்த்து, கண்டதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். உளுத்திருந்தால் ரிப்பேர் செலவைக் கழித்து விலை பேசச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு பேசினால் யாரும் குறைக்க மாட்டார்கள்.