மற்போரும் மேடைப்போரும்

தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிலின் திருவோலக்க மண்டபத்துள் நுழைவோர் வீரபத்திரர் சிற்பங்களின் முன்னே வியந்து நிற்பர். திரண்ட தோளும் விரிந்த மார்பும் கொண்டு, கல்லே உயிர்பெற்றாற்போல் அவை விளங்குகின்றன. உடல் வலியைப் போற்றுதல் தமிழர்க்குப் புதியதன்று. ‘மல்’ என்னும் சொல்லே வலிமையைக் குறிக்கும். வலியோன் மல்லன்; படைக்கலம் இன்றி அவன் செய்யும் போர் மற்போர்.

சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைப் புறநானூற்றிற் காண்கிறோம். காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

அக்காலத்து மல்லர்க்கு மன்னர் புரவலராயிருந்தனர். பிற்காலத்தில் பொதுமக்களே புரவலராயினர். நுழைவுச் சீட்டுப் பெற்று மக்கள் காணும் தொழில்முறை மற்போர் பல நாடுகளிலும் பரவிற்று. நம் நாட்டில் அத்துறையிற் பெரும்புகழ் எய்தியவர், 1928-ஆம் ஆண்டு பஞ்சாபிற் பிறந்த தாராசிங். அவர் 1968-இல் பம்பாய் நகரில் லூ தெஸ் என்னும் அமெரிக்க மல்லரை வென்றார். ஹங்கேரி நாட்டு மரபினரான கிங் காங் என்னும் பேருருவ மல்லரோடு அவர் பொருத போர்களை முதியோர் இன்றும் பேசி மகிழ்வர்.

அவ்வழியில் வந்தவர் இமாசலப் பிரதேசத்துத் தலீப் சிங் ராணா. ஏழடிக்கு மேல் உயர்ந்த இவர், ‘காளி’ என்னும் மேடைப்பெயரால் அறியப்பட்டார். பஞ்சாப் காவல் துறையிற் பணிபுரிந்த இவர், அமெரிக்க மேடையேறி 2007-இல் உலகப் பட்டம் பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பி, 2015-இல் ஜலந்தரில் மற்போர்ப் பயிற்சிக்கூடம் ஒன்றையும், காட்சி நடத்தும் நிறுவனம் ஒன்றையும் நிறுவினார். அங்குப் பயின்றவருள் அரியானாவைச் சேர்ந்த கவிதா தேவியும் ஒருவர். 2016-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பளுதூக்கித் தங்கப் பதக்கம் வென்ற இவர், மறு ஆண்டே சல்வார் உடையணிந்து அமெரிக்க மேடையில் தோன்றினார்.

இனி, இம்மேடையில் நிகழ்வது உண்மைப் போரோ என்னும் வினா எழும். அன்று என்பதே விடை. வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பது முன்னரே உறுதி செய்யப்படுகிறது. அங்ஙனமாயின் அது வஞ்சனையோ? பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் பூண்டவர் வீழ்வதைக் கண்டு எவரேனும் ஏமாற்றம் என்பரோ? வெற்றி முன்னரே குறிக்கப்பட்டது, வீழ்ச்சியோ மெய்யானது. ஓங்கிய உடல் மேடைப் பலகையில் மோதுவதும் வலி உண்டாவதும் பொய்யல்ல.

ஆதலின், அவர்கள் முதற்கண் பயில்வது வீழும் கலையே. மோவாயை மார்போடு ஒடுக்கித் தலையைக் காத்து, அகன்ற முதுகிலும் கைகளிலும் மோதலின் விசையைப் பரப்பி வீழ்வர். குற்றால அருவியில் நீராடியோர்க்கு இஃது எளிதில் விளங்கும். கொட்டும் நீரை உச்சந்தலையில் ஏற்பவன் தடுமாறுவான். தோளிலும் முதுகிலும் பரவவிட்டு ஏற்பவன் இன்புறுவான். மேடை மல்லர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. எதிரியாய் நிற்பவர் தம் உடலை நம்பி ஒப்படைக்கின்றார். அவரைத் தூக்கி எறிவதுபோற் காட்டி, ஊறு நேராவண்ணம் காத்தலே சிறந்த மல்லர்க்கு அடையாளம்.

போட்டி மற்போர் இதனின் வேறு. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற காசாபா ஜாதவ், முடிவு தெரியாத களத்தில் நின்றவர். விடுதலை பெற்ற இந்தியாவிற்குத் தனிவீரர் ஒருவர் ஈட்டித்தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அங்கு வலிமையும் நுட்பமும் அளக்கப்படுகின்றன. மேடையிலோ அவற்றோடு நடிப்பும் நம்பிக்கையும் சேர்கின்றன. ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடாது.

மாணவர்களே! திரையிற் கண்ட பிடிகளைப் பள்ளி வெளியில் நண்பர்மீது செய்து பார்த்தல் பெருந்தீங்கு. பல்லாண்டுப் பயிற்சியால் அமைந்த காவலை நீங்கள் காணவில்லை. தாக்குதலை மட்டுமே கண்டீர்கள். பயிலாதவன் செய்யின் கழுத்தெலும்பு முறியும். உயிர்க்கும் கேடு வரும். மற்கலை கற்க விரும்புவோர் தக்க ஆசானை அடைந்து முறையாகப் பயில்க. பிறரை வீழ்த்தும் வலிமை பெற்றவன், பிறரைக் காக்கும் பொறுப்பையும் உடன் பெற்றவனாவான்.