மும்மடங்கு ஈடு

ஊரார்க்குக் குடிநீர் வழங்குதல் நகராண்மையின் தலையாய கடமையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகராகிய அட்லாண்டா, தன் நீர்ப்பணிக்கு வேண்டிய இரும்புக் குழாய்களுக்கு விலைப்புள்ளிகள் வேண்டிற்று. ஆலைகள் பல விலை கூறின. நகரத்தார் அவற்றுள் ஒன்றனிடம் குழாய்களை வாங்கினர். பலர் போட்டியிட்டால் நேரிய விலை தானே வெளிப்படும் என்பதன்றோ வாணிப நெறி? அங்கு நடந்ததோ போட்டியின் வேடமே.

குழாய் வார்க்கும் ஆலையார் அறுவர் 1894-ஆம் ஆண்டின் இறுதியில் தமக்குள் உடன்படிக்கை செய்திருந்தனர். சில நகரங்கள் இன்னார்க்கே உரியன என முன்னரே பங்கிடப்பட்டன. பிற இடங்களில் எழும் வேலைகளைத் தமக்குள் மறைவாக ஏலம் விட்டனர். கூட்டுக்கு மிகுந்த தொகை தர இசைந்தவரே வேலையைப் பெறுவர். ஏனையோர் அவரினும் உயர்ந்த விலை கூறிப் போட்டியிடுவார் போல நடிப்பர். அட்லாண்டாவோ ஓர் ஆலைக்கென ஒதுக்கப்பட்ட நகரம். அந்த ஆலை வேண்டிய விலையை, குடிகளின் வரிப்பணம் அறியாமலே கொடுத்தது.

அரசு தொடுத்த வழக்கில், 1899-இல் உச்ச நீதிமன்றம் இக்கூட்டினைத் தடைசெய்தது. எனினும் நகரம் இழந்த பொருள் அதனால் மீளவில்லை. அதனை மீட்கும் வழி 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தில் இருந்தது. இத்தகைய கூட்டினால் தொழிலிலோ உடைமையிலோ கேடுற்றவர் தாமே வழக்குத் தொடுக்கலாம். இழப்பின் மும்மடங்கையும் வழக்கறிஞர்க்குத் தரும் ஊதியத்தையும் பெறலாம். மும்மடங்கு மிகையெனத் தோன்றலாம். மறைவில் நடக்கும் சூழ்ச்சியை அறிந்து வழக்காட வருவோர் மிகச் சிலர். கவர்ந்ததை மட்டும் திருப்பித் தந்தால் போதுமென்றால், அகப்படாத இடங்களில் பெற்ற ஊதியம் சூழ்ச்சியாளர்க்கே எஞ்சும்.

அட்லாண்டா, டென்னசி மாநிலத்து ஆலைகள் இரண்டின்மீது வழக்குத் தொடுத்தது. குழாய் விற்றவை இவையல்ல; விற்றது அலபாமா மாநிலத்து ஆலை. எனினும் கூட்டில் பங்குகொண்டமையால் இவையும் பொறுப்பாயின. 1906-இல் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்புரைத்தவர் நீதிபதி ஹோம்சு. பொருளின் தகுதிக்கு மேல் விலை கொடுக்க நேர்ந்ததே உடைமைக்கு உற்ற கேடு என்றும், நகரமும் சட்டம் கூறும் ‘ஆள்’ ஆகும் என்றும் அவர் முடிவுசெய்தார்.

காலங்கடந்த வழக்கு என்னும் தடையும் எழுந்தது. மும்மடங்கு என்பது தண்டமானால் ஐந்தாண்டு எல்லையே பொருந்தும். அது கேடுற்றவர்க்குரிய ஈடு எனக் கொண்ட மன்றம், டென்னசி மாநிலத்தின் பத்தாண்டு எல்லையையே ஏற்றது. நகரமே வென்றது. 1914-ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டமும் இவ்வுரிமையை நிலைநிறுத்தியது. இன்று அந்நாட்டில் இவ்வகை வழக்குகளுள் அரசு தொடுப்பனவற்றினும் தனியார் தொடுப்பனவே மிகுதி.