கட்டளை வரியினூடாகக் கணினியை ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்தல்

எமது வீடுகளில் ஒரு மடிக்கணினி ஒருவரோடு நின்றுவிடுவதில்லை. நானா பல்கலைக்கழகம் செல்லும்போது வாங்கியது ராத்தாவின் கைக்கு வருகிறது, ராத்தாவிடமிருந்து தங்கைக்கு, இறுதியில் முன்பின் அறியாத ஒருவருக்கு விற்கப்படுகிறது. அதனுள் இருப்பவை பாடக்குறிப்புகள் மட்டுமல்ல. பெருநாள் தினத்தில் பெண்கள் மட்டும் கூடியிருந்து எடுத்த படங்களும் அடையாள அட்டைப் பிரதிகளும் இருக்கின்றன. இவற்றை முறையாக நீக்காமல் கணினியைக் கைமாற்றலாமா?

பணிசெயல் முறைமையை அது புதிதாக நிறுவப்பட்டபோது இருந்த நிலைக்குத் திருப்புவதே ஆரம்ப நிலை மீட்டமைப்பு எனப்படும். முன்பு இதற்கு நிறுவல் இறுவட்டு தேவைப்பட்டது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 இவ்வசதியை முறைமைக்குள்ளேயே கொண்டுவந்தது. எமது வீடுகளில் அதிகம் காணப்படும் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இதனைச் செய்யும் விதத்தை நோக்குவோம். கட்டளைகளின் ஒலி இங்கு தமிழில் தரப்படுகின்றது. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்தல் வேண்டும்.

ஏன் கட்டளை வரி?

அமைப்புகள் பகுதிக்குச் சென்று சுட்டியால் சொடுக்கியும் இதனைச் செய்யலாம். ஆனால் மீட்டமைக்க வேண்டிய நிலைக்கு வந்த கணினியில் பல வேளைகளில் அமைப்புகள் சாளரமே திறப்பதில்லை. அப்போது கட்டளை வரி கைகொடுக்கும். தேடல் பெட்டியில் 'சிஎம்டி' என இட்டு, நிருவாகி உரிமையுடன் அதனைத் திறக்க வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: கட்டளை வரியில் மீள்சுழற்சித் தொட்டி இல்லை. உதாரணமாக, 'டிஸ்க்பார்ட்' நிரலில் 'கிளீன்' என்ற கட்டளையை இட்டால், தெரிவு செய்த வன்தட்டின் பிரிவுகள் அனைத்தும் ஒரு கேள்வியும் கேட்கப்படாமலே நீங்கிவிடும். அறியாத கட்டளையை அறிந்துகொள்ளும் வரை தொடாதிருப்பதே நல்லது.

முதற்படி: பிரதி எடுத்தல்

'ரோபோ', 'கொப்பி' என்ற இரு சொற்களையும் இணைத்து எழுதும் கட்டளை கோப்புறைகளைப் பிரதி செய்யும். அதன் பின்னர் மூலக் கோப்புறையையும் சேரும் இடத்தையும் குறிப்பிட்டு, இறுதியில் முன்சாய்கோட்டுடன் 'ஈ' என்ற எழுத்தை இட்டால் உட்கோப்புறைகளும் சேர்ந்து வரும். 'ஈ'க்குப் பதிலாக 'எம்ஐஆர்' என இடுவது ஆபத்தானது; மூலத்தில் இல்லாத கோப்புகள் சேரும் இடத்திலிருந்தும் அழிந்துவிடும். பிரதி எடுத்த பின் நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பாமினி எழுத்துருவையும் மறவாமல் சேமியுங்கள். அது இல்லாவிடின் அதில் தட்டச்சு செய்த கட்டுரைகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும்.

இரண்டாம் படி: மீட்புச் சூழலும் திறவுகோலும்

மீட்டமைப்பைச் செய்வது விண்டோஸ் மீட்புச் சூழல் என்ற சிறிய முறைமையாகும். இது பெரும்பாலும் வன்தட்டின் தனியான ஒரு பிரிவில் இருக்கும். 'ரீஏஜென்ட்' என்ற சொல்லுடன் 'சி' என்ற எழுத்தைச் சேர்த்து, இடைவெளி விட்டு, முன்சாய்கோட்டுடன் 'இன்ஃபோ' என இட்டால் அதன் நிலை தெரியவரும். செயலற்றது எனக் காட்டினால், 'இன்ஃபோ'வுக்குப் பதிலாக 'எனேபிள்' என இட்டுச் செயற்படுத்தலாம்.

வன்தட்டு பிட்லொக்கரினால் மறைகுறியாக்கப்பட்டிருந்தால், மீட்புச் சூழல் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கக்கூடும். பலருடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே தேடி எடுத்துக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: மீட்டமைத்தல்

மின்னேற்றியைப் பொருத்திய பின்னரே தொடங்க வேண்டும். மின்வெட்டு எதிர்பார்க்கப்படும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். 'சிஸ்டம்', 'ரீசெட்' என்பவற்றை இணைத்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டை அடுத்து 'ஃபேக்டரி', 'ரீசெட்' என்பவற்றை இணைத்து எழுதுக. இக்கட்டளை உடனே எதனையும் அழிப்பதில்லை. தெரிவுச் சாளரம் ஒன்றையே திறக்கும். 'எனது கோப்புகளை வைத்திரு' என்பது ஆவணங்களை விட்டுவைத்து, நாம் நிறுவிய மென்பொருள்களை நீக்கும். 'அனைத்தையும் நீக்கு' என்பது கணக்குகள், கோப்புகள் யாவற்றையும் அகற்றும். 2020 முதல் இணையத்திலிருந்து புதிய பிரதியைப் பதிவிறக்கும் தெரிவும் உண்டு. அதற்கு 4 ஜிகாபைட்டுக்கும் மேற்பட்ட தரவு செலவாகலாம் என்பதால், தொலைபேசித் தரவுப் பொதியை நம்பியிருப்போர் உள்ளிருந்தே மீள நிறுவும் தெரிவை எடுக்கலாம்.

அழித்தல் வேறு, துடைத்தல் வேறு

பலரும் தவறவிடும் இடம் இதுவே. ஒரு கோப்பைச் சாதாரணமாக அழிக்கும்போது, அது இருந்த இடம் வெறுமையானது என்று முறைமை குறித்துக்கொள்கிறதே தவிர, உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. நூலகத்தின் அட்டவணையிலிருந்து ஒரு நூலின் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, நூலை அலுமாரியிலேயே விட்டுவைப்பது போன்றது இது. மீட்பு மென்பொருள் உள்ள எவரும் அலுமாரியைத் துழாவி அதனை எடுத்துவிடலாம். ஆகவே கணினியைப் பிறருக்குக் கொடுப்பதாயின், 'அனைத்தையும் நீக்கு' என்பதுடன் 'தரவைச் சுத்தம் செய்' என்ற தெரிவையும் இயக்க வேண்டும். வன்தட்டு பல பிரிவுகளாக இருந்தால் எல்லாச் செலுத்திகளையும் தெரிவு செய்தல் அவசியம். இதற்குச் சில மணித்தியாலங்கள் எடுக்கலாம். கணினி வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிறது என்றால் இது தேவையில்லை.

அன்புத் தோழிகளே, எம்மிடமுள்ள பிறரின் படமும் கடிதமும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றைப் பேணுவதற்கு முகம் தெரியாத தொழினுட்பவியலாளரிடம் கணினியை ஒப்படைக்க வேண்டியதில்லை. பிரதி எடுத்து, திறவுகோலை எழுதி வைத்து, மூன்று கட்டளைகளை நிதானமாக இடக் கற்றுக்கொண்டால், அந்தப் பொறுப்பை நாமே எம் கைகளால் நிறைவேற்றலாம்.